ஆழம் அடிக்கணக்கில்

— மாத்திரை போட்டீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

— போட்டேம்மா. அதாவது, பாதி. முழுசா போட்டா தூக்கம் சொக்குது. தூங்குறதுக்கா போட் ஏறி வந்தோம்?

— முதல் நாள் வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தப்போ இந்த வீரம் எங்க போச்சு? பக்கத்து கேபின் பல் டாக்டரம்மா என்கிட்ட வந்து, ‘உங்க வீட்டுக்காரர் பரவாயில்லையா’ன்னு நாலு தடவை கேட்டுட்டுப் போறாங்க.

— அவங்க பொழப்பே அடுத்தவன் வாயைத் திறந்து பார்க்கறது. நான் வாயைத் திறந்ததும் அவங்களுக்கு கிளினிக் ஞாபகம் வந்திருக்கும்.

— பேச்சை மாத்தாதீங்க. முப்பத்தோரு வருஷம் உக்காந்த இடத்துலேயே கடலை வரைஞ்சீங்க. எங்க பாறை, எங்க மேடு, எங்க எவ்வளவு ஆழம்னு கப்பல்காரங்களுக்குப் படம் போட்டுக் குடுத்த மனுஷன் ஒரு மணி நேரம் தண்ணி மேல இருந்ததில்ல. சர்வே கப்பல்ல வாங்கன்னு கூப்பிட்டா மொத நாளே காய்ச்சல் வந்துடும். ரிட்டயர் ஆனதும் மலைக்குப் போலாம்னு நான் சொன்னேன். ஸ்வெட்டர் கூடப் பின்னி வச்சேன். நீங்க என்னை ஒரு வார்த்தை கேக்காம இதைப் பதிவு பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க. ஆறு நாள், அஞ்சு ஊரு. ஏன்னு கேட்டா காத்து நல்லா இருக்கும்ங்கறீங்க.

— காத்து நல்லாத்தானே இருக்கு.

— மேல.

— என்ன மேல?

— மேல சொல்லுங்கன்னேன்.

— பார்த்தியா, ஆபீஸ் இன்னும் உன்னை விட்டுப் போகல. நான் நோட்டைப் பார்த்து எண்ணைப் படிப்பேன். நீ படத்துல அதே எண் இருக்கான்னு பார்த்து, சிவப்பு பென்சில்ல டிக் போட்டு ‘மேல’ம்ப. பன்னெண்டு, மேல. பதினொண்ணரை, மேல. நம்ம கல்யாணத்தைப் பேசினப்போ கூட அதே கதைதான். என் சம்பளம், என் வயசு, எங்கம்மாவோட இழுப்பு, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா ஒப்பிச்சேன். நீ மேல மேலன்னுட்டே இருந்த. சொல்றதுக்கு வேற ஒண்ணுமில்லன்னு ஆனதும்தான் சரின்ன.

— இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு போல. நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

— நீ எதைச் சொல்லப்போற?

— ரெண்டாவது ஊர்ல இறங்கினோமே, அங்க படகுத்துறையில நீலப் போட் ஒண்ணு கட்டியிருந்தாங்க. பேரு சாஞ்ச எழுத்து. அதுக்கு எதிர்லேயே சைக்கிள் ரிப்பேர் கடை. போர்டுல நேர் எழுத்து. ரெண்டும் ஒரே கை. நேத்து மூணாவது ஊர்ல பதினாலு போட், எட்டு கடை. ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னீங்க. உங்க உதடு எண்ணிக்கிட்டே இருந்துது.

— நீயும் கவனிச்சியா?

— எனக்கென்ன கண்ணு பொட்டையா? தண்ணியில இருக்கிற பேரைச் சாச்சு எழுதணும், தரையில இருக்கிற பேரை நேரா எழுதணும். கடல் படம் போடுற நம்ம ஆபீஸைத் தவிர அந்தச் சட்டம் எங்க இருக்கு? அதைக் கொண்டுபோய் போட்டுக்கும் சைக்கிள் கடைக்கும் பண்ண ஒருத்தனாலதான் முடியும்.

— நூலு.

— நூலு. அவனைப் பார்க்கத்தான் இந்தக் காத்து வாங்குற பயணமா?

— அதாவது, காத்தும் வாங்கலாம்னு.

— எப்பத்திலேருந்து தெரியும் உங்களுக்கு, அவன் இந்தப் பக்கம் இருக்கான்னு?

— ஆறு மாசமா. பென்ஷன் ஆபீஸ் வரிசையில நம்ம பழைய ஜீப் டிரைவர் நின்னார். சும்மா பேச்சுக் குடுத்தேன். நூலு போட்டுக்குப் பேர் எழுதுறான், பட்டறை வச்சிருக்கான்னு ஊர் பேரைச் சொன்னார். வீட்டுக்கு வந்து, எந்தப் போட் அந்த ஊர்ல நிக்குதுன்னு தேடினேன். இது ஒண்ணுதான் நின்னுது. இன்னிக்குப் பதினொண்ணரைக்கு இறக்கி விடுவாங்க. ரெண்டு மணிக்கு ஊதினதும் ஏறிடணும்.

— பஸ் இருக்குமே. வாந்தியாவது மிச்சமாயிருக்கும்.

— பஸ்ல போனா அந்த இடத்தைப் பார்க்க முடியாது.

— எந்த இடம்?

— உனக்குத் தெரியாதா எந்த இடம்னு? இன்னும் கொஞ்ச நேரத்துல வலது பக்கம் வரும். சிவப்பு மிதவை போட்டிருப்பாங்க. அதைத் தூங்கித் தொலைச்சிடக் கூடாதுன்னுதான் பாதி மாத்திரை.

— அதைப் பார்த்து என்ன கிழிக்கப்போறீங்க?

— பார்க்கணும், அவ்வளவுதான். ஏழு மீட்டர் ஆழம்னு நான் வரைஞ்ச இடத்துல ஏழு அடிதான் தண்ணி இருந்துது. என் படத்தை நம்பி நாப்பத்திமூணு பேரோட ஒரு லாஞ்ச் வந்து பாறை மேல ஏறிச்சு. உயிர்ச்சேதம் இல்லைன்னு பேப்பர்ல பெருசா போட்டாங்க. ஓட்டினவருக்கு இடுப்பு எலும்பு போனதைக் கடைசி வரியில போட்டாங்க.

— நீங்க வரைஞ்சீங்க, நான் டிக் போட்டேன். நோட்டுல ஏழு, படத்துல ஏழு. எண்ணெல்லாம் சரியாத்தான் இருந்துது.

— அதைத்தான் சொல்றேன். வேற யாராலயும் பண்ண முடியாத தப்பு அது. ஒரு எண் கூடத் தப்பில்லாம முழுப் பக்கமும் தப்பு. நோட்டு பூரா மீட்டர், பத்தொன்பதாம் பக்கம் மட்டும் அடி. நாம ரெண்டு பேரும் எண்ணை எண்ணோட ஒப்பிட்டுக்கிட்டு கடமையே கண்ணா உக்காந்திருந்தோம்.

— அது அடின்னு நமக்கு எப்படித் தெரியும்? சர்வே கப்பல்லேருந்து வர்ற நோட்டை நல்ல எழுத்துல காப்பி எடுத்துக் குடுக்கறது நூலோட வேலை. மூல நோட்டுல அடின்னு இருந்துது, அவன் எடுத்த காப்பியில இல்ல. மறந்துட்டேன்னு அவனே எழுதிக் குடுத்தான். விசாரணை முடிஞ்சுது, வேலை போச்சு. பாவம்தான். இருபத்திரெண்டு வருஷம் ஆச்சுங்க.

— அவன் காப்பியில இருந்துதும்மா.

— என்ன?

— அடின்னு இருந்துது. அவன் மறக்கல.

— காதுல விழுந்துது. மேல.

— லாஞ்ச் ஏறின சேதி வந்த அன்னிக்கு, எந்தப் பக்கம்னு பார்க்கணும்னு எழுந்து போயி…

— பீரோவைத் திறந்து பத்தொன்பதாம் பக்கத்தைப் பார்த்தீங்க.

— உனக்கு எப்படித் தெரியும்?

— எதிர் டேபிள்தானே நான். போகும்போது ஒரு மனுஷன் போனீங்க, திரும்பி வரும்போது வேற மனுஷன் வந்தீங்க. மூஞ்சியில ஈயாடல.

— மேல நடுவுல எழுதிக் கட்டம் கட்டியிருந்தான். ‘ஆழம் அடிக்கணக்கில்’. நான்தான் பார்க்காம வரைஞ்சிருக்கேன். அந்த வாரம் அவசரம், தினமும் மூணு பக்கம் முடிக்கணும்னு நம்ம ஆபீஸ் பெரியவர் தலைமேல நின்னார். பக்கத்தை அப்படியே உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன். மறுநாள் சொல்லிடலாம், மறுநாள் சொல்லிடலாம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். விசாரணை அன்னிக்குப் பக்கத்தை எடுத்து மேஜை மேல வச்சாங்க. தலைப்பு இல்ல. வெறும் பேப்பர். எனக்கு மூளையே நின்னுபோச்சு. நான் கனவு கண்டேனா, வேற பக்கத்தைப் பார்த்தேனா, ஒண்ணும் புரியல.

— அப்புறம்?

— அப்புறம் என்ன. பேப்பர்ல இல்லையே, அப்போ இல்லைதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன். நீதான் பக்கத்துல உக்காந்திருந்தியே. நூலு கையில அதைக் குடுத்தாங்க. திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுதினேன் சார்ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, எழுதினேன்னு நினைக்கிறேன்னான். சாயந்திரத்துக்குள்ள மறந்துட்டேன் போலன்னு கையெழுத்துப் போட்டுட்டான். ஒரு பையன் தன் ஞாபகத்தைத் தானே நம்பாம போறதை நான் உக்காந்து வேடிக்கை பார்த்தேன்.

— இவ்வளவு நாள் என்கிட்ட கூடச் சொல்லல நீங்க.

— நீ என்னைப் பத்தி என்ன நினைப்பியோன்னு பயம். இப்பவும்தான்.

— அதோ.

— என்ன?

— மிதவை. வலது பக்கம்.

— அட, இத்தனூண்டா? இதுக்கா? கை அகலத்துக்குத் தண்ணி கொஞ்சம் வெளுத்திருக்கு, அவ்வளவுதான். நான் இதை மலையளவு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

— தலையைச் சுத்துதா? பின்னாடி சாஞ்சுக்கோங்க.

— சுத்தல. நான் அவனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். நீ எழுதியிருந்தப்பா, உன் ஞாபகத்துல தப்பில்லன்னு. அது போதும். நீ கூட வரணும்.

— நான் எதுக்கு?

— நீ பக்கத்துல நின்னாதான் எனக்கு வாய் வரும்.

— வேணாங்க. அவன் குடும்பம் குட்டின்னு ஒரு வழிக்கு வந்திருப்பான். ஆறின புண்ணை நகத்தால கிளறுறதுல யாருக்கு என்ன லாபம்? உங்களுக்கு மனசு லேசாகும். அவனுக்கு?

— அவனுக்கு அது அவனோட நியாயம். நான் எடுத்து வச்சுக்கிட்டிருக்கேன்.

— அன்னிக்கு உங்களை நினைச்சுப் பார்த்தீங்களா? ரெண்டு நாள் பச்சைத் தண்ணி பல்லுல படல. ரெண்டாம் நாள் ராத்திரி மாடிப்படியில உக்காந்துக்கிட்டு, ‘எனக்கு ஒண்ணு ஆயிட்டா பொண்ணை நல்லாப் படிக்க வை’ன்னீங்க. அவ அப்போ ரெண்டாங்கிளாஸ். விடியற வரைக்கும் உங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். எப்படியோ பிழைச்சுக் கரை ஏறிட்டோம். அதோட விட்டுடலாம்.

— அவனைத் தண்ணியில விட்டுட்டு நாம கரை ஏறினோம்மா.

— நான் இறங்கல. நீங்க போயிட்டு வாங்க. நான் பல் டாக்டரம்மாவோட கேரம் ஆடுறேன்.

— சரி, உன் இஷ்டம்.

— தொப்பியை எடுத்துக்கோங்க. வெயில் கொளுத்துது.

*

— வரலைன்னியே.

— தொப்பியைக் கேபின்லேயே வச்சுட்டு இறங்கினா யாரு கொண்டு வர்றது? பிடிங்க.

— தொப்பியைக் குடுத்தாச்சே, அப்புறமும் கூடவே நடக்கற?

— உங்களை நம்பி அனுப்பிட்டு, வழி தெரியாம நின்னீங்கன்னா ரெண்டு மணிக்குப் போட் போயிடும். உலகத்துக்கே வழி போட்டுக் குடுப்பீங்க, நம்ம தெரு முனையில திரும்பத் தெரியாது.

— நீ வந்ததுக்கு ஒரு காரணம் வேணும்ல, சரி. ஐஸ் ஃபாக்டரியைத் தாண்டி இடது பக்கம்னு அந்தச் சலூன்காரர் சொன்னார். இந்தத் தெருவைப் பார்த்தியா? சலூன், மெடிக்கல், தையல் கடை, பள்ளிக்கூடத்து மதில், அத்தனையும் நேர் எழுத்து. நம்ம ஆபீஸைத் தெருவுல பரப்பி வச்ச மாதிரி இருக்கு.

— மெதுவா போங்க. முட்டி வலிக்குது.

— உனக்கு முட்டி வலியே கிடையாதேம்மா. மூணு மாடி ஏறி மூச்சு வாங்காம பேசுவ.

— இன்னிக்கு வலிக்குது. ஏங்க, ஒண்ணு பண்ணலாமா? அவன்கிட்ட ஊர்க்கதை பேசிட்டு, பார்த்தோம் சந்தோஷம்னு திரும்பிடலாம். பழசை எடுக்க வேணாம்.

— ஏன் உனக்கு இவ்வளவு பயம்? திட்டு வாங்கப்போறவன் நான். அவன் ஓங்கி ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கத்தான் வந்திருக்கேன்.

— அவன் கேப்பான்.

— என்ன கேப்பான்?

— எழுதியிருந்தா அது எங்க போச்சுன்னு கேப்பான்ல?

— கேக்கட்டும். அதுக்கும் என்கிட்ட பதில் இருக்கு. நீ வா.

*

— அண்ணே, பார்த்து. பெயின்ட் காயல, சட்டையில ஒட்டிக்கும்.

— நல்லா சாஞ்சிருக்கே தம்பி எழுத்து. எத்தனை டிகிரி? அறுபத்தஞ்சா?

— அறுபத்தெட்டு. அறுபத்தஞ்சுன்னா தூரத்துலேருந்து பார்க்கும்போது விழுற மாதிரி… சார்?

— நான்தாம்ப்பா.

— சார்தானா? அக்கா, நீங்களுமா? ஒரு நிமிஷம் இருங்க. என் கண்ணை நம்ப முடியல. எதையும் ஒரு தடவை பார்த்தா எனக்குப் போதாது. சார், அக்கா. ஆமா. ரெண்டு பேரும்தான்.

— நூலுன்னு பேர் வச்சோம். வடக்கயிறா ஆயிட்டியே.

— வீட்டுக்காரி கைவண்ணம் சார். வாங்க, இந்தப் பலகையில உக்காருங்க. அக்கா, அங்க டப்பா இருக்கு, இந்தப் பக்கம். எப்படி சார் இங்க? போட்ல சுத்திப் பார்க்க வந்தீங்களா? நீங்களா? கடல்லயா?

— பார்த்தியா, இவனுக்குக் கூட ஞாபகம் இருக்கு.

— மறக்குமா சார். கப்பல்ல கூப்பிடுவாங்கன்னு முன்னாடி நாளே மப்ளரைச் சுத்திக்கிட்டு வருவீங்களே. அக்கா, நிக்கிறீங்களே, உக்காருங்க.

— இருக்கட்டும் தம்பி. நல்லா இருக்கியா?

— நல்லா இருக்கேங்க்கா. இந்தக் கரை ஓரம் எந்தப் போட் தண்ணியில இறங்கினாலும் பேரு நான்தான். ரெண்டு பொண்ணு. பெரியவ காலேஜ். வீட்டுக்காரிதான் எனக்கு ஆபீஸர். எந்தப் பேரா இருந்தாலும் துண்டுச் சீட்டுல எழுதி வாங்கி, கையெழுத்தும் வாங்கிடுவேன். சாக்பீஸ்ல போட்டதும் அவ வந்து ஒவ்வொரு எழுத்தா படிப்பா. அப்புறம்தான் பிரஷ்ஷைத் தொடுவேன்.

— அவ்வளவு எதுக்குப்பா? உன் கை தப்பு பண்ணாதே.

— கை பண்ணாது சார். மண்டைதான் மக்கர் பண்ணும். அன்னிக்கு நடந்துதே. கட்டம் போட்டு எழுதினதா எனக்கு அப்படியே கண்ணுல நிக்குது சார், ஆனா பேப்பர்ல இல்ல. அதுலேருந்து எதை ஞாபகம் இருக்குன்னு நினைச்சாலும் சந்தேகம்தான். வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். சின்னப் பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து, விட்டேனான்னு ஃபோன் பண்ணி டீச்சர்கிட்ட கேப்பேன். பிள்ளைங்க என்னை வச்சு வீட்டுல சிரிக்காத நாளில்ல.

— நூலு…

— துறைமுகத்துலேருந்து ஆள் வந்தாங்க சார், நாலு வருஷம் முன்னாடி. மிதவைக்கெல்லாம் நம்பர் எழுதணும், மாசச் சம்பளம், வாங்கன்னு. போகல. போட் பேரைத் தப்பா எழுதினா ஊர் சிரிக்கும், அழிச்சிட்டு எழுதலாம். மிதவை நம்பரைத் தப்பா எழுதினா? இன்னொருத்தர் இடுப்பை முறிக்கணுமா நான்? வீட்டுக்காரி ஒரு மாசம் பேசல என்கூட.

— நூலு, பிரஷ்ஷைக் கீழ வை. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்.

— என்ன சார் இது, குரல் ஒரு மாதிரி இருக்கு? உடம்புக்கு ஏதாவது?

— உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ எழுதியிருந்த. பத்தொன்பதாம் பக்கத்துல, மேல நடுவுல, ஆழம் அடிக்கணக்கில்னு நீ எழுதியிருந்த.

— மறுபடி சொல்லுங்க சார்.

— நீ எழுதியிருந்த. லாஞ்ச் ஏறின அன்னிக்கு நானே பீரோவைத் திறந்து என் கண்ணால பார்த்தேன். நீ மறக்கல. நான்தான் பார்க்காம வரைஞ்சேன்.

— கட்டம்?

— கட்டம் போட்டிருந்த.

— ஒத்தைக் கோடா, ரெட்டைக் கோடா?

— ரெட்டைக் கோடு. உள்கோடு மெலிசு, வெளிக்கோடு தடி.

— ரெட்டைக் கோடு. ஆமா சார். மத்த பக்கமெல்லாம் மீட்டரு, இது ஒண்ணுதான் அடி, கண்ணுல படணுமேன்னு ரெட்டைக் கோடு போட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. வீட்டுக்காரிகிட்ட கூட. அப்போ நான் எழுதினேன்.

— எழுதின.

— மறக்கல நான்.

— மறக்கல. விசாரணையில அந்தப் பக்கம் வெறுமையா வந்தப்போ, நான் பார்த்ததை எழுந்து சொல்லியிருக்கணும். வேலை போயிடும், ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன். உன் பொழைப்பைக் கெடுத்தவன் நான்தாம்ப்பா. என்ன வேணா சொல்லு, கேட்டுக்கறேன்.

— இருங்க சார். அழுகை வருது. கொஞ்சம் அழுதுக்கறேன்.

— அழுப்பா.

— இருபத்திரெண்டு வருஷம் சார். எங்கப்பா சாகும்போது, பொறுப்பில்லாத பயன்னு நினைச்சுக்கிட்டே செத்தார். நானும் ஆமாம்ப்பான்னுதான் நினைச்சேன். ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா நீங்க? ரெண்டு வரி?

— எழுதி எழுதிக் கிழிச்சேன். கோழைப்பய, வேற என்ன சொல்ல?

— கோபம் வருது சார் எனக்கு. நிறைய வருது. ஆனா அதுக்கு மேல, நெஞ்சுல உக்காந்திருந்த ஏதோ ஒண்ணு எழுந்து போன மாதிரியும் இருக்கு. எது முதல்லன்னு தெரியல. அக்கா, கேட்டீங்களா? நான் மறக்கல.

— கேட்டேன் தம்பி.

— ஆனா சார், அந்தப் பேப்பரை என் கையில வாங்கிப் பார்த்தேனே. இல்லையே. இங்க்ல எழுதினது தானா எங்க போகும்?

— அதையும் நான் யோசிக்காம இல்ல. அதாவது, பீரோ சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் டேபிள் டிராயர்ல, ஒண்ணு பெரியவர்கிட்ட. நான் தொடல. அவர் வேலையாத்தான் இருக்கும். காப்பி எடுத்த பையன் தப்புன்னா சின்னதா முடிஞ்சிடும். படம் போட்டவன் தப்புன்னா ஆபீஸ் மானமே கப்பலேறிடும். அதுக்காகப் பண்ணியிருப்பார்.

— பெரியவரா?

— வேற யாரு இருக்கா?

— பெரியவரா சார்? என்ன சொல்றீங்க? வேலை போன மறுவாரம் என் ரூமைத் தேடி வந்தார் சார் அவர். மூணு பிரஷ், ரெண்டு டப்பா பெயின்ட். ‘உனக்குக் கை இருக்குடா, போர்டு எழுதிப் பொழைச்சுக்க’ன்னார். இந்தப் பட்டறை திறந்த அன்னிக்கு அந்த நோய் உடம்போட பஸ் ஏறி வந்தார். ஒரு மனுஷன் என்னை நம்பினாரேன்னு, அந்த ஒண்ணை வச்சுத்தான் சார் நான் எழுந்து நின்னேன். அதோ பாருங்க, அவர் படம்தான். தினமும் அவர் முகத்துல முழிச்சுட்டுத்தான் பிரஷ்ஷை எடுப்பேன்.

— தன் மனசு குத்தியிருக்கும். அதான் பிரஷ் வாங்கிக் குடுத்திருக்கார்.

— அப்போ அதுவும் பொய்யா? என் எழுத்தை அழிச்சுட்டு, அந்தக் கையாலயே பிரஷ் குடுத்தாரா? செத்து எட்டு வருஷம் ஆச்சு, போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேக்கவும் முடியாது. அந்தப் படத்தைக் கழட்டுங்க சார். நீங்களே கழட்டிடுங்க. எனக்குக் கை வரல.

— பொறுப்பா. போட் ஊதுறாங்க, மணி ரெண்டாகப்போகுது. நான் வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் ஒரு கடுதாசியா எழுதி, கையெழுத்துப் போட்டு உனக்கு அனுப்பறேன். உன் பொண்ணுங்ககிட்ட காட்டு. ஏம்மா, கிளம்பலாமா?

— அந்தப் படத்துல கை வைக்காதீங்க. பெரியவருக்கு ஒண்ணும் தெரியாது. தம்பி, விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல, இவர் டிராயர்லேருந்து சாவியை எடுத்து, உன் எழுத்தையும் அந்த ரெட்டைக் கோட்டையும் பிளேடால தடம் தெரியாம சுரண்டி எடுத்தது நான்தான்.